வீதியெழுத்திலிருந்து எழுத்துரு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பெயர்ப்பலகை, பனர், விழா மலர் என்று வேலை செய்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வீதியில் காணும் எழுத்தைப் பார்த்து எழுத்துரு வரைவதும், அப்படி வரைந்ததை வடிவமைப்பில் பாவிப்பதும் இதற்குள் வரும். அச்சக வேலையோடு எழுத்துருவும் வரைகிறவன் என்ற முறையில், எனக்குச் சரியென்று பட்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

வீதியெழுத்து என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே வரும்போது மூன்று விதமான எழுத்து கண்ணில் படும். ஊர்ப் பேரும் தூரமும் காட்டுகிற பலகை எழுத்து முதலாவது. தார் மேலே வெள்ளையில் நீளநீளமாகக் கிடக்கிற தரையெழுத்து இரண்டாவது. தூரிகையாலோ வெட்டிய தகட்டாலோ போட்ட எழுத்து மூன்றாவது: கட்டைகள், மதகுச் சுவர்கள், "விளம்பரம் ஒட்டாதீர்" என்கிற மதில்கள்.

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. பலகை எழுத்து தூரத்துக்காகவும், தரையெழுத்து சாய்ந்த பார்வைக்காகவும் அமைந்தவை. தகட்டெழுத்து கையில் இருந்த தகரத்துக்கும் பெயின்ற்றுக்கும் ஏற்ப அமைந்தது. எதை எடுத்து எழுத்துரு ஆக்குகிறோம் என்று முதலில் முடிவெடுத்தால்தான் பிறகு வரும் முடிவுகள் எல்லாம் நேராக வரும்.

தரையில் எழுதுவதை ஏன் அவ்வளவு நீளமாக இழுக்கிறார்கள்?

சாரதியின் கண் தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லை. காரில் இருப்பவருக்கு ஏறத்தாழ 1.1 மீற்றர். அந்த உயரத்திலிருந்து 30 மீற்றர் முன்னால் தரையில் கிடக்கும் எழுத்தைப் பார்த்தால், பார்வை தரையை உரசிக்கொண்டுதான் போகும். எழுத்தின் அகலம் அப்படியே தெரியும், நீளம்தான் நசுங்கிப்போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரித்தானிய விதியில் வேகம் குறைந்த வீதிகளுக்குத் தரையெழுத்தின் நீளம் 1.6 மீற்றர், வேகமான வீதிகளுக்கு 2.8 மீற்றர். 1.6 மீற்றர் எழுத்து, 30 மீற்றர் தூரத்தில் கார் சாரதிக்கு வெறும் ஐந்தரை சென்ரிமீற்றர் உயரமாக நிமிர்ந்து நிற்கிற எழுத்தின் அளவுக்குத்தான் தெரியும். 2.8 மீற்றர் என்றாலும் ஒன்பதரை சென்ரிமீற்றரைத் தாண்டாது. பஸ் சாரதியின் கண் 2.2 மீற்றர் உயரத்தில் இருந்தால் அதே எழுத்து அவருக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். உழவு இயந்திரத்தில் போகிறவருக்கும் காரில் போகிறவரைவிட நன்றாகத் தெரியும்.

அதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. நீளவாட்டில் இழுக்கும்போது படுத்த கோடுகள் தடிக்கின்றன. நிமிர்ந்த கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்கின்றன. சாய்ந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தத் தடிப்பும் சேர்ந்து நசுங்கி, இரண்டும் ஒரே தடிப்பாகிவிடும். மேலேயிருந்து படம் எடுத்துப் பார்த்தால்தான் படுத்த கோடு தடித்தும் நின்ற கோடு மெலிந்தும் இருக்கும். வழக்கமான அச்செழுத்துக்கு இது தலைகீழ். தரையெழுத்தின் முகமே இந்தத் தலைகீழ்த் தடிப்புத்தான்.

அப்படியென்றால் இருக்கிற தமிழ் எழுத்துருவை உயரவாட்டில் இழுத்துவிட்டால் போதாதா?

போதாது. ட, ப, ம, ய, வ எல்லாவற்றுக்கும் அடியில் படுத்த கோடு இருக்கிறது. இழுத்தால் அடி மட்டும் தடித்து, ஒரு சொல் முழுவதும் கீழே கறுப்புப் பட்டி விழுந்த மாதிரி ஆகிவிடும். ண, ன போன்றவற்றின் சுழிகள் ஒடுங்கி உள்வெளி அடைபடும். புள்ளி நீள்வட்டமாகி, பக்கத்து விசிறியோடு (இகரக் குறியோடு) ஒட்டும்.

செய்ய வேண்டியது என்னவென்றால், இழுத்த படத்தைக் கீழே வைத்து மேலே புதிதாக வரைவது. அடிக்கோட்டின் தடிப்பை எவ்வளவு குறைக்கலாம், சுழியை எவ்வளவு திறக்கலாம், புள்ளியை வட்டமாகவே வைத்திருக்கலாமா என்று ஒவ்வோர் எழுத்தாக முடிவெடுக்க வேண்டும். மெனக்கெட்ட வேலைதான். ஆனால் இந்த வேலையைச் செய்யாத எழுத்துருவில் வீதியின் நீளம் மட்டும் இருக்கும், வாசிப்பு இருக்காது.

பிற நாடுகளில் வீதிப் பலகை எழுத்து எப்படி எழுத்துருவாக வந்தது?

பிரித்தானியாவில் 1957இல் நெடுஞ்சாலைப் பலகைகளைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். ஜொக் கின்னியரும் மார்கரட் கல்வேர்ட்டும் வரைந்த எழுத்துகள் 1958இல் பிரெஸ்டன் புறவழி வீதியில் முதன்முதல் ஏறின. மற்ற வீதிகளுக்கென்று அமைந்த வோர்பொய்ஸ் குழுவின் அறிக்கை 1963இல் வந்த பிறகு நாடு முழுவதற்கும் அதே ஒழுங்கு வந்தது. 'ட்ரான்ஸ்போர்ட்' என்பது அந்த எழுத்துருவின் பெயர். எழுத்துக்கு எழுத்து இடைவெளியைப் பலகை செய்பவரின் கைக்கு விடாமல், ஒவ்வோர் எழுத்தையும் தனக்கென்று அகலம் உள்ள ஒரு கட்டத்தில், ஓடு பதிப்பது போல, வைத்தார்கள். ஓடுகளை அடுக்கினால் இடைவெளி தானே சரியாக வரும். எனக்கு அவர்கள் வரைந்த வடிவங்களைவிட இந்த யோசனையில்தான் மதிப்பு அதிகம்.

ஜேர்மனியில் 1930களில் வந்த டின் 1451 என்ற தர எழுத்திலிருந்து அல்பேர்ட்-யான் பூல் 1995இல் 'எஃப்எஃப் டின்' வரைந்தார். 2011இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் எடுத்தது. அமெரிக்க நெடுஞ்சாலை எழுத்திலிருந்து டோபியாஸ் ஃபிரேர்-ஜோன்ஸ் 1990களில் 'இன்ரர்ஸ்ரேற்' வரைந்தார். வீதிக்குப் பிறந்த எழுத்து சஞ்சிகைக்கும் தொலைக்காட்சிக்கும் போனது அந்தக் காலத்தில்தான்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைக்கென்று வரைந்த 'கிளியர்வியூ' எழுத்துருவின் கதையையும் தெரிந்து வைத்திருங்கள். இரவில் விளக்கொளி பட்டுத் திரும்பும் பலகையில் வெள்ளை எழுத்தின் விளிம்பு ஒளியில் ஊறி, உள்வெளி அடைந்துபோகும். அதைத் தடுக்க எழுத்தின் உள்வெளிகளைத் திறந்து வரைந்தார்கள். அமெரிக்காவில் 2004இல் இடைக்கால அனுமதி கிடைத்தது, 2016இல் அதை எடுத்தார்கள், 2018இல் திரும்பக் கொடுத்தார்கள். கருமையான பின்னணியில் வெள்ளையாக நன்றாகத் தெரிந்த எழுத்து, வெளிர் பின்னணியில் கறுப்பாகப் போட்டபோது அந்த நன்மையைக் காட்டவில்லை. எழுத்துரு நல்லது கெட்டது என்று பொதுவாகச் சொல்வதற்கு முன்னால், எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் என்று கேட்க வேண்டும்.

தமிழில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

தகட்டெழுத்துப் பக்கத்தில் இருக்கிறது. கொழும்பின் மூனியாக் குழுவினர் இலங்கை மதில்களின் அறிவித்தல் எழுத்தைப் பார்த்துச் செய்த 'போஸ்ட் நோ பில்ஸ்' குடும்பத்தில் தமிழுக்கு 'ஜஃப்னா' என்று ஒரு பிரிவு உண்டு. திறந்த உரிமம் என்பதால் இலவசமாகப் பாவிக்கலாம். தகட்டில் வெட்டிய மாதிரி கோடு இடையிடையே விட்டுவரும். தலைப்புக்கு அருமையானது, பத்தி எழுத்துக்கு வேண்டாம்.

பலகை எழுத்தின் நேர்மையான தோற்றம் வேண்டுமென்றால் எக் டைப் நிறுவனத்தின் 'அனேக் தமிழ்' பாருங்கள். தடிப்பையும் அகலத்தையும் வேண்டிய அளவுக்கு மாற்றலாம். வீதிக்கென்று வரைந்தது இல்லைதான். ஆனாலும் நீண்ட ஊர்ப்பேர் ஒன்று பலகைக்குள் அடங்காதபோது, எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காமல் ஒடுக்கமான வடிவத்தையே எடுக்கலாம்.

ஆங்கில வீதி எழுத்துருவின் அளவுகளையே எடுத்துத் தமிழையும் அதற்குள் வரைந்தால் மும்மொழிப் பலகை ஒரே மாதிரி இருக்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் மினக்கெட்டுப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரே மாதிரி இருக்கும். தமிழ் மட்டும் வாசிக்க முடியாமல் இருக்கும்.

புதுக்குடியிருப்பு என்ற பேரை எடுங்கள். தமிழில் ஒன்பது எழுத்து, ஆங்கிலத்தில் பதினேழு. தமிழ் சுருக்கம்தானே, சின்னதாகப் போட்டாலும் போதும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் கிட்டப் போய்ப் பாருங்கள். பு, து, கு, ரு என்று உகரம் நான்கு விதமாக வருகிறது. பு நேரே கீழே இறங்குகிறது. து வலப்பக்கமாகப் போகிறது. கு தன்னையே சுற்றி வளைகிறது. ரு வாலை மடிக்கிறது. மேலே டி, யி இரண்டுக்கும் விசிறி. க், ப் இரண்டுக்கும் புள்ளி. கோட்டுக்கு மேலும் கீழும் இவ்வளவு வேலை நடக்கும் சொல்லை, ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய அதே உயரத்துக்குள் முழுவதாக அடக்கினால், ப, ட போன்ற உடல் எழுத்துகள் பாதியாகக் குறுகிவிடும். அதனால்தான் பல பலகைகளில் ஆங்கிலம் தூரத்திலேயே தெரிய, தமிழுக்குக் கிட்டப் போக வேண்டியிருக்கிறது.

நான் செய்கிற முறை இது. விசிறியையும் கீழ்வாலையும் விட்டுவிட்டு, ப என்ற எழுத்தின் உடல் உயரத்தை மட்டும் அளவாக எடுக்கிறேன். அது ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்தைவிடக் கூடவும் பேரெழுத்தின் உயரத்தைவிடச் சற்றுக் குறையவும் இருக்க வேண்டும். மேலும் கீழும் வேண்டிய இடத்தை வரி இடைவெளியில் தனியாகக் கொடுக்கிறேன். பலகை கொஞ்சம் உயரமாகும். வாடிக்கையாளர் செலவு கூடும் என்பார். கூடத்தான் செய்யும். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பலகையில் அதற்கு உரிய இடம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

எழுத்துப் பிழையைப் பற்றியும் ஒன்று. எவ்வளவு அழகாக வரைந்த பலகையிலும் புள்ளி ஒன்று விடுபட்டால் ஊரின் பேரே கெட்டுப்போகும். வெட்டுவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும்.

வேகத்தில் எந்த எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறிப்போகின்றன?

ரவும் அரவும் (கா, மா என்பவற்றில் பின்னால் வரும் கால்) முதலிடம். ரவின் வாலைத் தெளிவாகச் சாய்த்து இழுக்காவிட்டால் ரா என்பது இரண்டு அரவுகள் போல் நிற்கும். கனகராயன்குளம் என்று எழுதிப் பார்த்தால் தெரியும். ணவும் னவும் அடுத்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மூன்றாவது. எ, ஏ என்ற வேறுபாடு ஒரு சின்னக் கோட்டில் தொங்குகிறது, அந்தக் கோட்டைத் தாராளமாக இறக்கி வரையுங்கள். புள்ளியை உடல் கோட்டின் தடிப்பைவிடப் பெரிதாக வையுங்கள். இரவில் ஒளி ஊறும்போது முதலில் கரைவது அதுதான்.

பலகையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஆங்கில எழுத்துக்கு வழங்கிவரும் ஒரு கணக்கு, 10 மீற்றர் தூரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் உயரம். மணிக்கு 70 கிலோமீற்றரில் போகிறவர் ஒரு வினாடியில் 19 மீற்றர் கடக்கிறார். வாசிக்க நான்கு வினாடி கொடுத்தால் 78 மீற்றர். எழுத்து 20 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். தமிழுக்கு இதை உடல் உயரமாக எடுங்கள், மொத்த உயரமாக எடுக்க வேண்டாம்.

கடைப் பலகை, திருவிழா பனர், விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் பாவிக்கலாமா?

யார், எப்படிப் போய்க்கொண்டு வாசிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். ஏ9 ஓரத்தில் இருக்கிற உதிரிப்பாகக் கடைக்கும் அரிசி ஆலைக்கும் பலகை எழுத்துப் பொருத்தமாக நிற்கும். ஓடுகிற வாகனத்திலிருந்து வாசிக்கத்தான் அது பிறந்தது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா வாகனமும் நிற்கும் என்பதால், அங்கே இருக்கிற கடைக்கு அவ்வளவு முரட்டு எழுத்து வேண்டியதில்லை. இறங்கி நடக்கிற மனிதர் கிட்ட நின்று வாசிப்பார்.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு அடிக்கும் பனரில் அம்மன் பேரை நெடுஞ்சாலை எழுத்தில் போட்டால் மனசுக்கு ஒட்டாது. அதே பனரில் வாகனத் தரிப்பிடம், தண்ணீர்ப் பந்தல், முதலுதவி என்று வழிகாட்டும் வரிகளுக்கு அந்த எழுத்தே சரி. ஒரே தாளில் இரண்டு குரல் இருப்பதில் பிழையில்லை.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் சுண்ணாம்பால் இல்லத்தின் பேரை எழுதுவீர்கள் அல்லவா, அங்கே தரையெழுத்துக் கணக்கை அப்படியே கொண்டுவரலாம். பார்வையாளர் கொட்டகை எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கும்படி நீட்டி எழுதுங்கள். நின்று எழுதுகிறவருக்கு அது கோணலாகத்தான் தெரியும். கொட்டகைக்குப் போய்ப் பார்த்துத் திருத்துங்கள்.

நிறம்?

கிரவல் வீதிப் புழுதி வன்னியில் எதன் மேலும் படியும், பலகையின் கீழ்ப்பாதியில்தான் அதிகம். செம்மண் நிறத்துக்கு கிட்டிய மஞ்சள், செம்மஞ்சள் எழுத்தைக் கீழ் வரியில் வைக்க வேண்டாம்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகையின் எழுத்தை ரீசேட்டிலோ போஸ்டரிலோ அலங்காரமாகப் போடலாமா?

வேண்டாம். சிவப்புப் பலகை, மண்டையோடு, தகட்டால் போட்ட மும்மொழி எழுத்து. வடிவமாகப் பார்த்தால் பலமானதுதான், கேட்கிறவர்களின் கண் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பலகைக்கு உயிர் காக்கும் வேலை இருக்கிறது. முகமாலைப் பக்கம் போருக்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் மனிதர் முழந்தாளில் இருந்து நிலத்தைக் கிளறி வெடி எடுத்தார்கள். அந்த எழுத்தைக் கண்டதும் காலை நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருக்கிறோம். அதையே உடுப்பிலும் தேத்தண்ணிக் கடைச் சுவரிலும் பார்த்துப் பழகினால் அந்த எச்சரிக்கையின் கூர் மழுங்கிவிடும். மிதிவெடி விழிப்புணர்வுக்கென்றே செய்யும் சுவரொட்டியில் மட்டும் பாவியுங்கள்.

இதே காரணத்துக்காக, உண்மையான வீதிச் சமிக்ஞை என்று நினைக்க வைக்கும் விளம்பரத்தை வீதியோரத்தில் நிறுத்த வேண்டாம்.

பழைய பலகைகளில் இருக்கும் பழைய றா, ளை வடிவங்களை எழுத்துருவில் வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். 1978இல் தமிழ்நாட்டு அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றைச் சீர்திருத்தியது. இங்கே அந்த மாற்றம் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தது. வற்றாப்பளை என்ற ஒரே பேரில் றாவும் ளையும் இரண்டுமே வருகின்றன. ஆனையிறவின் னை, முன்னால் துதிக்கை போல வளைந்த கொம்போடு எழுதப்பட்டது. இன்றைய எழுத்துருவில் இவற்றை மாற்று வடிவமாக உள்ளே வைத்து, வேண்டியவர் மட்டும் இயக்கும்படி செய்யலாம். ஊர் நூற்றாண்டு மலர், பழைய படங்களின் கண்காட்சி போன்றவற்றுக்கு அழகாக இருக்கும். வழிகாட்டும் பலகைக்கு இன்றைய வடிவமே வேண்டும். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குப் பழையது தடக்கும்.

மதகில் யாரோ எழுதியதைப் படம் எடுத்து எழுத்துரு செய்தால் பிரச்சினை வருமா?

எழுதியவர் அநேகமாகப் பக்கத்து ஊரில்தான் இருப்பார். 2009க்குப் பிறகு ஏ9 புதிதாகப் போடப்பட்டு இயந்திரத்தில் வெட்டிய பலகைகள் வந்தன. அதற்கு முன் தூரிகை பிடித்த கைகளில் பல இன்னும் வேலை செய்கின்றன. தேடிப்போய்க் கேளுங்கள், சம்மதம் வாங்குங்கள், அவர் விரும்பினால் எழுத்துருவோடு அவர் பெயரைப் போடுங்கள், விற்றால் பங்கு கொடுங்கள். முடிந்தால் தூரிகை எந்தப் பக்கமிருந்து தொடங்கியது, சுழியை எத்தனை வீச்சில் முடித்தார் என்று அவர் எழுதும்போதே பார்த்து வாருங்கள். படத்தில் அது கிடைக்காது. படம் எடுப்பதென்றால் எழுத்துக்கு நேரெதிரே நின்று, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள்.

என் அச்சகத்தில் எல்லாம் பாமினியில்தான் இருக்கிறது. புது எழுத்துருவைப் போட்டால் எழுத்தெல்லாம் மாறிவிடுமே?

பாமினி ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. புதிய எழுத்துருக்கள் யூனிகோட் முறை. முதலில் உரையை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு கொம்பு வந்த சொற்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

யூனிகோட்டில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுகிறதே?

கெ என்று எழுதினால், கோப்பில் ககரத்துக்குப் பிறகுதான் கொம்பு பதிவாகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. கோரல் ட்ரோவின் பழைய பதிப்புகளில் அது நடக்காது. அடோபி மென்பொருள்களில் தென்னாசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்ய வேண்டும். ஸ்ரிக்கர் வெட்டக் கொடுக்கும்போது எழுத்தை வளைகோடாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள். மாற்றுவதற்கு முந்திய கோப்பையும் தனியாக வைத்திருங்கள்.

247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டுமா? எங்கே தொடங்குவது?

தேவையில்லை. அரவு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, புள்ளி எல்லாம் ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்க்கும் சேரும். உகர ஊகாரம் மட்டும் 36ஐயும் தனித்தனியாக வரையத்தான் வேண்டும். டி, டீ இரண்டும் தனி. மற்ற விசிறிகளையும் எழுத்துக்கு எழுத்து ஒட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும்.

தொடக்கத்துக்கு நம்முடைய வீதிப் பேர்களே போதும். முதலில் குளம். அதில் க, ள, ம வந்துவிடும். உகரமும் புள்ளியும் வந்துவிடும், வன்னியில் பாதிப் பலகை அந்தச் சொல்லில்தான் முடிகிறது. பிறகு மாங்குளம், புளியங்குளம், பரந்தன், கிளிநொச்சி. இவ்வளவிலேயே 18 மெய்யில் 11 கையில் வந்துவிடும். முறிகண்டி ற, ண, ட மூன்றையும் தரும்; மல்லாவி ல, வ இரண்டையும் தரும். ழவுக்கு யாழ்ப்பாணம், ஞவுக்கு மன்னார்ப் பக்கத்துக் குஞ்சுக்குளம். இந்த ஒன்பது பேரையும் ஒரு தாளில் அடித்து, மதிலில் ஒட்டி, மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் இருந்து வாசித்துப் பாருங்கள். எது தடக்குகிறதோ அந்த எழுத்தை அன்றைக்கே திருத்துங்கள்.